அமெச்சூர் வானொலியார் தலைவரைத் தேர்ந்த வரலாறு

சங்கம் அமைத்தல் எளிது. அதற்குத் தலைவரைத் தேர்ந்தெடுத்தல் அரிது. இவ்வுண்மையை ஆசிரியப் பணியில் இருப்போர் நன்கறிவர். பள்ளி மாணவர் மன்றம் முதல் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வரை, ஆண்டுப் பொதுக்கூட்டம் கூடும் நாளில் நாம் காணும் காட்சி பெரும்பாலும் ஒன்றே. ‘அவரே மீண்டும் இருக்கட்டும்’ என்று ஒருவர் முன்மொழிவார், மற்றொருவர் வழிமொழிவார், ஏனையோர் கைதட்டுவர். தேநீர் ஆறுவதற்குள் தேர்தல் முடிந்துவிடும். பின்னர் ஆண்டு முழுவதும், ‘தலைவர் சரியில்லை’ என்று வாயிலில் நின்று பேசிக்கொண்டிருப்போம்.

ஒரே ஊரில் வாழ்ந்து நாள்தோறும் முகம் பார்க்கும் நமக்கே தலைவரைத் தேர்ந்தெடுப்பது இவ்வளவு இடர்ப்பாடு உடையதாயின், ஒருவர் முகத்தை ஒருவர் காணாது, ஒரு கண்டம் முழுவதும் சிதறிக் கிடக்கும் மனிதர்கள் தமக்கொரு தலைவரை எவ்வாறு தேர்ந்துகொள்வர்? இவ்வினாவுக்கு விடை கூறும் ஒரு சங்கத்தின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம். 1914ஆம் ஆண்டில் தோன்றி, நூறாண்டுகளைக் கடந்து நிலைத்து நிற்கும் ‘அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக்’ என்னும் அமெச்சூர் வானொலிக் கழகமே அது. அதன் வரலாறு வானொலியின் வரலாறு மட்டும் அன்று. பொதுப்பணியில் தலைமை எப்படிப் பிறக்கிறது, எப்படிக் கைமாறுகிறது, எப்போது நம்பிக்கை இழக்கிறது என்பதன் வரலாறுமாகும்.

அமெச்சூர் என்பவர் யார்?

ஊதியத்திற்கோ வாணிகத்திற்கோ அன்றி, ஆர்வத்தின் பொருட்டே வானொலிக் கருவி அமைத்து, பிறரோடு செய்தி பரிமாறிக்கொள்பவரை அமெச்சூர் வானொலியாளர் என்பர். ‘ஹாம்’ என்பது அவருக்கு வழங்கும் செல்லப்பெயர். நாம் வீட்டில் கேட்கும் வானொலி நிலையம் ஒன்று பேச, ஆயிரம் பேர் கேட்பது. அமெச்சூர் வானொலியோ, ஒருவர் பேச மற்றவர் மறுமொழி கூறுவது. தொடக்கத்தில் இவர்கள் மோர்ஸ் ஒலிக்குறிகளைத் தட்டியே செய்தி அனுப்பினர்; பேச்சு பின்னரே வந்தது.

இப்பணிக்கு அரசின் உரிமம் வேண்டும். தேர்வு எழுதித் தேறியவர்க்கே அவ்வுரிமம் கிடைக்கும். அவர் பயன்படுத்தும் அலைவரிசைகளையும் அரசே வரையறுத்து வழங்குகிறது. இதனை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வானம் அமெச்சூர்களின் உடைமை அன்று. அரசு நினைத்தால் தரலாம், நினைத்தால் பறிக்கலாம். எனவே, அரசின் முன் சென்று, ‘நாங்கள் இத்தனை பேர், எங்கள் கருத்து இது’ என்று எடுத்துரைக்க ஒருவர் இன்றியமையாதவர் ஆகிறார். அவர் உண்மையிலேயே அத்தனை பேருக்காகவும் பேசுகிறாரா என்பதே தலைமைத் தேர்வின் உயிர்நாடி.

அஞ்சலோட்டத்தில் பிறந்த கழகம்

அமெரிக்காவில் 1912ஆம் ஆண்டில் வானொலிச் சட்டம் ஒன்று பிறந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கியதை அடுத்து, வானலைகளை ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றிருந்த காலம் அது. அச்சட்டம் அமெச்சூர்களை 200 மீட்டருக்கு மேற்படாத அலைநீளங்களில் ஒதுக்கி வைத்தது. அக்கால அறிவியலார் கருத்துப்படி அவை தொலைதூரச் செய்திக்குப் பயன்படாத அலைகள். வேண்டாத மூலையில் பிள்ளைகளை விளையாட விட்டதுபோல் அரசு அவர்களை அங்கே விட்டது.

கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்போர்டு நகரில் வாழ்ந்தவர் ஹிராம் பெர்சி மேக்சிம். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த சர் ஹிராம் மேக்சிமின் மகன், தாமும் பொறியியலாளர், துப்பாக்கியின் ஓசையை அடக்கும் கருவியை உருவாக்கியவர். 1914ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓர் இரவு, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஸ்பிரிங்பீல்டு நகருக்கு ஒரு செய்தி அனுப்ப முயன்றார். அவருடைய கருவியின் குரல் அங்கு எட்டவில்லை. இரண்டு ஊர்களுக்கும் இடையே வின்சர் லாக்ஸ் என்ற ஊரில் ஓர் அமெச்சூர் இருந்தார். மேக்சிம் தம் செய்தியை அவரிடம் தர, அவர் அதனை ஸ்பிரிங்பீல்டுக்குச் சேர்ப்பித்தார்.

பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் நாம் காணும் அஞ்சலோட்டம் போன்றதே இது. ஒருவர் கைக்கோலை மற்றவர் வாங்கி ஓடுகிறார். ஒருவரால் இயலாத தொலைவு பலரால் இயலுகிறது. நாடெங்கும் உள்ள நிலையங்களை இவ்வாறு இணைத்தால், ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்குச் செய்தி அனுப்பலாமே என்று மேக்சிம் எண்ணினார். அம்மாதம் 6ஆம் நாள் ஹார்ட்போர்டு வானொலி மன்றத்தின் கூட்டத்தில் தம் எண்ணத்தை முன்வைத்தார். அவருக்குத் துணையாக நின்று செயலாளர் பொறுப்பேற்றவர் கிளாரன்ஸ் டஸ்கா என்ற இளைஞர். மேக்சிமுக்கு அப்போது அகவை 44, டஸ்காவுக்கு 17. சில மாதங்களுக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் கழகத்தில் சேர்ந்தன. 1915ஆம் ஆண்டு சனவரியில் கழகம் தனி அமைப்பாகப் பதிவு பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் ‘கியூ.எஸ்.டி.’ என்னும் இதழ் வெளிவரத் தொடங்கியது.

இக்கட்டத்தில் மேக்சிமைத் தலைவராக யார் தேர்ந்தெடுத்தார்கள்? எவரும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதே நேர்மையான விடை. எண்ணம் அவருடையது, உழைப்பு அவருடையது, ஆகவே தலைமையும் அவருடையது. எந்தச் சங்கமும் பிறக்கும்போது இப்படித்தான் பிறக்கிறது. இதில் குற்றம் ஏதும் இல்லை. ஆயினும், தொடங்கியவரின் தகுதி ஒன்றையே நம்பி ஒரு சங்கம் நெடுநாள் வாழ இயலாது. இதனை உணர்த்தப் போர் வந்தது.

போரும் மறுபிறப்பும்

1917ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. அமெச்சூர் நிலையங்கள் அனைத்தும் மூடப்பட்டன. வானொலி அறிந்த இளைஞர் ஆயிரக்கணக்கில் படையில் சேர்ந்தனர். இதழும் அவ்வாண்டுச் செப்டம்பரோடு நின்றது. போர் முடிந்தபின் அதனினும் பெரிய இடர் எதிர்நின்றது. வானொலி முழுவதையும் கடற்படையின் ஆட்சிக்குக் கீழ்க் கொண்டுவரும் சட்டவரைவு ஒன்று 1918ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வந்தது. கடற்படை அமைச்சர் ஜோசபஸ் டேனியல்ஸ் அதனை ஆதரித்தார். அது நிறைவேறியிருப்பின் அமெச்சூர் என்னும் இனமே இல்லாதொழிந்திருக்கக் கூடும்.

மேக்சிம் அக்குழுவின் முன் சென்று சான்றுரைத்தார். கழகம் தன் உறுப்பினர் வீடுகளுக்கு வேண்டுகோள் அனுப்பியது. அமெச்சூர்களும் அவர்தம் குடும்பத்தினரும் தத்தம் தொகுதி உறுப்பினர்களுக்கு மடல்களை எழுதிக் குவித்தனர். சட்டவரைவு கிடப்பில் போடப்பட்டது. 1919ஆம் ஆண்டு அக்டோபரில் அமெச்சூர்கள் மீண்டும் செய்தி அனுப்ப இசைவு கிடைத்தது.

மேக்சிம் ஒருவரது நாவன்மையால் விளைந்த வெற்றி என்று இதனைக் கருதலாகாது. அவர் பேசிய ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் மடல் எழுதிய கைகள் இருந்தன. தலைவரின் வலிமை அவருடைய குரலில் இல்லை. அக்குரலோடு சேரும் குரல்களில் உள்ளது என்பதைக் கழகம் அன்று கற்றது.

போருக்குப் பின் கழகத்தின் பெட்டியில் பணம் இல்லை. இதழும் அதன் உடைமையாக இல்லை. அது டஸ்காவின் சொந்த முயற்சியாக நடந்துவந்தது. உறுப்பினர்களிடமே கடன்பத்திரங்களை விற்றுப் பணம் திரட்டி, 1919இல் கழகம் அவ்விதழை விலைக்கு வாங்கியது. கென்னத் வார்னர் என்பவர் ஊதியம் பெறும் செயலாளராக அமர்ந்தார். ஒருவருக்கு உரிய இதழ் பலருக்கு உரியதாயிற்று. பணம் கொடுத்தவர்கள், ‘இனி இது நம் கழகம்’ என்று சொல்லும் தகுதியும் பெற்றனர். வாக்குரிமை வேரூன்றுவதற்குரிய நிலம் இவ்வாறு பண்பட்டது.

வாக்குச் சீட்டு வந்த வழி

1920களில் கழகம் தன் அமைப்பு விதிகளை ஒழுங்குற வகுத்துக்கொண்டது. அதன் சாரம் மூன்று.

முதலாவது, நாட்டை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்து உறுப்பினரும் தமக்கென ஓர் இயக்குநரை அஞ்சல் வாக்கின் மூலம் தேர்ந்தெடுப்பர். அந்நாளில் இயக்குநரின் பதவிக்காலம் ஈராண்டு. இவ்வியக்குநர் அனைவரும் கூடியதே இயக்குநர் அவை. தலைவரை உறுப்பினர் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. அவர்கள் தேர்ந்த இயக்குநர்களே தேர்ந்தெடுப்பர்.

இரண்டாவது, வானொலிக் கருவிகளைச் செய்து விற்பதையோ வாடகைக்கு விடுவதையோ தொழிலாகக் கொண்டவர் இயக்குநர் அவையில் இடம்பெறலாகாது. 1920களில் வானொலி வாணிகம் அமெரிக்காவில் காட்டுத்தீயாய்ப் பரவியது. கழகத்தின் இதழில் வணிகர்கள் விளம்பரம் செய்தனர். அவ்வணிகரே அவையிலும் அமர்ந்தால், எக்கருவி சிறந்தது என்று இதழ் எழுதுவதை எவர் நம்புவர்? ஆகவே வாயிலிலேயே வேலி இடப்பட்டது. நல்லவரா தீயவரா என்று ஆளை ஆராய்வதற்கு முன்னர், இரு நன்மைகளுக்கு இடையே அவர் சிக்கிக்கொள்ளாத நிலையை விதியே ஏற்படுத்த வேண்டும் என்ற தெளிவு இதில் காணப்படுகிறது.

மூன்றாவது, உறுப்பினராவதற்கு வானொலி ஆர்வம் ஒன்றே போதும். உரிமம் இல்லாதவரும் சேரலாம் எனத் தொடக்கத்தில் இருந்தது. பின்னாளில் முழு வாக்குரிமை உரிமம் பெற்ற அமெச்சூர்களுக்கே என வரையறுக்கப்பட்டது. அன்பர் பலர் சூழலாம். ஆனால் முடிவின் விளைவைத் தம் தோளில் சுமப்பவரே வாக்களிக்க வேண்டும் என்பது இதன் கருத்து.

தலைவரை ஏன் நேரே தேர்ந்தெடுக்கவில்லை என்று மாணவர் வினவக்கூடும். கலிபோர்னியாவில் வாழும் உறுப்பினர் கனெக்டிகட்டில் வாழும் ஒருவரை எப்படி எடைபோடுவார்? ஆனால் தம் மண்டலத்தில் உள்ளவரை அறிவார். இரவுதோறும் அவருடைய குறியொலியைக் கேட்டிருப்பார். அவர் ஒழுங்கோடு செய்தி அனுப்புகிறவரா, பிறர் அலையில் குறுக்கிடுகிறவரா என்பது தெரியும். அறிந்தவரைத் தேர்ந்து, அவர் வழியே அறியாதவரைத் தேர்தல் என்பது இம்முறையின் பயன். அதன் குறை என்னவெனில், தலைவருக்கும் உறுப்பினருக்கும் இடையே ஒரு சுவர் எழுந்துவிடக்கூடும். இக்குறை எவ்வாறு வெளிப்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

பிரிட்டனில் வேறொரு வழக்கம் இருந்தது. 1913இல் இலண்டனில் ஒரு மன்றமாகத் தோன்றி, பின்னர்ப் பெரிய பிரித்தானிய வானொலிச் சங்கமாக வளர்ந்த அமைப்பு, அறிவியல் உலகில் புகழ்பெற்றோரைத் தலைவராக அமர்த்தியது. 1925இல் அதன் தலைவராக இருந்தவர் இயற்பியல் அறிஞர் சர் ஆலிவர் லாட்ஜ். அங்கே தலைமை ஒரு பெருமை. அமெரிக்காவில் அது ஒரு வேலை. இரண்டுக்கும் தத்தம் பயன் உண்டு. புகழாளர் தலைமை அரசின் கதவுகளை விரைவில் திறக்கும்; உழைப்பாளர் தலைமை உறுப்பினரின் உள்ளக் கதவுகளைத் திறக்கும்.

மேக்சிம் என்னும் தலைவர்

விதிகள் வந்தபின்னும் மேக்சிமே தலைவராகத் தொடர்ந்தார். 1914 முதல் 1936 வரை 22 ஆண்டுகள் அவர் அப்பொறுப்பில் இருந்தார். இதனை மாற்றமில்லாத் தேக்கம் என்று கூறலாமா? அவர் காலத்தில் நிகழ்ந்தவற்றைப் பார்ப்போம். 1921ஆம் ஆண்டு டிசம்பரில் கழகம் பால் காட்லி என்பவரைக் கருவிகளோடு ஸ்காட்லாந்துக்கு அனுப்பியது; அமெரிக்க அமெச்சூர்களின் குறிகளை அவர் அங்கிருந்தே கேட்டார். 1923ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவின் பிரெட் ஷ்னெலும் பிரான்சின் லியோன் டெலாயும் அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலும் இப்பாலும் இருந்து ஒருவருக்கொருவர் மறுமொழி கூறினர். பயனற்றவை என்று ஒதுக்கப்பட்ட சிற்றலைகளே உலகைச் சுற்றும் அலைகள் என்பது வெளிப்பட்டது. 1925ஆம் ஆண்டு ஏப்ரலில் பாரிசு நகரில் பன்னாட்டு அமெச்சூர் வானொலி ஒன்றியம் தோன்றியபோது, பன்னாட்டாரும் மேக்சிமையே முதல் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர்.

அவர் ஆணையிட்டு ஆண்டவர் அல்லர். ‘கிழவர்’ என்னும் புனைபெயரில் கழக இதழில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதினார். அலைகளில் ஒழுங்கின்றி நடப்போரைத் தண்டிக்கும் ‘ஊஃப் ஹாங்’ என்னும் பொல்லாத கருவி ஒன்று உண்டு என்று கற்பனையாக அச்சுறுத்தினார். பின்னர் உண்மையாகவே மரத்துண்டு ஒன்று அப்பெயருடன் கழக அலுவலகத்தில் தொங்கவிடப்பட்டது. படையும் காவலும் இல்லாத சங்கத்தில் ஒழுங்கை நிலைநாட்டத் தலைவர் கைக்கொண்ட கருவி சிரிப்பே. தவறு செய்தவர் வெட்கினார், ஆனால் பகைக்கவில்லை. வகுப்பறையில் பிரம்பை விட ஒரு நல்ல நகைச்சுவை மிகுதியாக வேலை செய்வதை நம்மில் கண்டறியாதார் யார்?

1936ஆம் ஆண்டு பிப்ரவரியில் மேக்சிம் பயணத்தின் இடையே கொலராடோ மாநிலத்தில் காலமானார். நிறுவனரை இழந்த சங்கங்கள் உடைவதை நாம் கண்டிருக்கிறோம். இக்கழகம் உடையவில்லை. யூஜின் உட்ரப் தலைவரானார். 1940இல் ஜார்ஜ் பெய்லி அவரைத் தொடர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் நிலையங்கள் மீண்டும் மூடப்பட்டு 1945இன் இறுதியில் மீண்டும் திறக்கப்பட்டபோதும் கழகம் நிலைத்து நின்றது. மேக்சிம் உயிரோடு இருக்கும்போதே வாக்குச் சீட்டு பழக்கத்திற்கு வந்துவிட்டது, அதுவே காரணம். தலைமைக் கோலை வாங்க எந்தக் கை நீளும் என்பது விதியால் முன்னரே உறுதிப்பட்டிருந்தது.

உடன்பாடு பெறாத சீர்திருத்தம்

1962ஆம் ஆண்டில் இளைய ஹெர்பர்ட் ஹூவர் கழகத் தலைவரானார். அவருடைய தந்தை ஹெர்பர்ட் ஹூவர் அமெரிக்க அதிபராக விளங்கியவர். அதற்குமுன் 1920களில் வணிக அமைச்சராக இருந்து வானொலி மாநாடுகளைக் கூட்டியவர். மகனும் அரசில் உயர்பதவி வகித்தவர். தகுதியில் குறைந்தவர் என்று எவரும் கூற இயலாது.

அக்காலத்தில், அமெச்சூர்களின் தொழில்நுட்ப அறிவு தேய்ந்து வருகிறது என்ற கவலை கழக அவையில் எழுந்தது. உயர்நிலைத் தேர்வில் தேறியவர்க்கே சில அலைவரிசைப் பகுதிகளை ஒதுக்கினால், மற்றவரும் படித்துத் தேர்வு எழுதுவர் என்று கருதி, 1963இல் அவை அரசிடம் அவ்வாறு பரிந்துரைத்தது. நோக்கம் நல்லதே. ஆனால் ஏற்கெனவே தேர்வு எழுதி உரிமம் பெற்று, பல்லாண்டாக அவ்வலைகளில் பேசி வந்தவர்கள், தம் கையில் உள்ளதைப் பிடுங்கி மீண்டும் தேர்வெழுதச் சொல்கிறார்களே என்று கொதித்தனர். மன்றங்களிலும் இதழ்களிலும் அலைகளிலும் இதே பேச்சு. பலர் கழகத்தை விட்டு விலகினர். அரசு 1967இல் அத்திட்டத்தை ஏற்று, 1968ஆம் ஆண்டு நவம்பர் முதல் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன் கசப்பு ஒரு தலைமுறை வரை நீடித்தது.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது, அச்சீர்திருத்தம் சரியா தவறா என்பதன்று. இயக்குநர் அனைவரும் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே. தீர்மானமும் முறைப்படி நிறைவேறியதே. எனினும் உறுப்பினர் பலர் தம்மைக் கேளாமலே முடிவு செய்யப்பட்டதாக உணர்ந்தனர். வாக்குப் பெற்றுவிட்டதால் கருத்தையும் பெற்றுவிட்டதாகத் தலைவர் எண்ணலாகாது. வாக்கு என்பது, ‘எங்களுக்காகச் சிந்தியுங்கள்’ என்ற இசைவு. ‘எங்களை விட்டுச் சிந்தியுங்கள்’ என்ற இசைவு அன்று.

கசப்பின் நடுவிலும் கழகம் தன் கடமையை விடவில்லை என்பதையும் கூற வேண்டும். 1979ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாட்டில், பன்னாட்டு ஒன்றியத்தோடு இணைந்து அது உழைத்தது. அம்மாநாட்டில் அமெச்சூர்களுக்கு 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்று புதிய அலைவரிசைகள் கிடைத்தன. அரசுகள் அமர்ந்து வாக்களிக்கும் அம்மன்றத்தில் அமெச்சூர்களுக்கு வாக்கு இல்லை. நம்பகமான பேராளர் மட்டுமே உண்டு. தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தவறினால் இழப்பது நாற்காலியை மட்டும் அன்று; வானத்தையே என்பது இதனால் விளங்கும்.

இன்றைய முறை

நூறாண்டுப் பட்டறிவால் செப்பனிடப்பட்ட முறை பின்வருமாறு. நாடு 15 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு மண்டலமும் ஓர் இயக்குநரையும் ஒரு துணை இயக்குநரையும் தேர்ந்தெடுக்கிறது. பதவிக்காலம் மூன்றாண்டு, ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கு மண்டலங்களில் தேர்தல் நடைபெறும். இதனால் அவை முழுவதும் ஒரே நாளில் புதியவர் கைக்கு மாறிவிடுவதும் இல்லை. முழுவதும் பழையவர் கையிலேயே உறைந்துவிடுவதும் இல்லை. இயக்குநர் பதவி இடையில் காலியானால், துணை இயக்குநர் அவ்விடத்தில் அமர்வார்.

வேட்பாளர் உரிமம் பெற்றவராகவும், தொடர்ந்து நான்கு ஆண்டுகள் முழு உறுப்பினராகவும் இருத்தல் வேண்டும். அவரைச் சக உறுப்பினர் பதின்மர் கையொப்பமிட்டு முன்மொழிய வேண்டும். இலையுதிர் காலத்தில் வாக்குச் சீட்டுகள் உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்டு, நவம்பரில் எண்ணப்படும். அவை சனவரியிலும் சூலையிலும் கூடும். ஈராண்டுக்கு ஒருமுறை இயக்குநர்கள் தலைவரைத் தேர்ந்தெடுப்பர். தலைவர் ஊதியம் பெறாத் தொண்டர்; அன்றாட அலுவலைக் கவனிப்பவர் ஊதியம் பெறும் தலைமை அலுவலர். 2010ஆம் ஆண்டில் கே கிரெய்கி தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; அப்பொறுப்பேற்ற முதல் பெண்மணி அவரே. அதற்குக் கழகம் எடுத்துக்கொண்ட காலம் 96 ஆண்டுகள் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

மாற்றுக்குரலுக்கு இடம்

இவ்வளவு சீரான முறையும் சோதனைக்குத் தப்பவில்லை. 2017ஆம் ஆண்டில் இயக்குநர் அவை தன் உறுப்பினர்க்கென நடத்தை விதித்தொகுப்பு ஒன்றை வகுத்தது. அவையின் முடிவுகளை இயக்குநர் வெளியில் குறைகூறுவதற்கும் அது தடை விதித்தது. அவ்வாண்டின் இறுதியில் அவ்விதிகளை மீறியதாக இயக்குநர் ஒருவரை அவை பகிரங்கமாகக் கண்டித்தது. உறுப்பினரிடையே பெரும் எதிர்ப்பு எழுந்தது. ‘நாங்கள் தேர்ந்தெடுத்தவர் எங்களிடமே உண்மையைப் பேசக்கூடாதெனில், அவர் யாருடைய பேராளர்?’ என்பதே அவர்கள் வினாவின் சாரம். மடல்கள் குவிந்தன, மன்றங்கள் தீர்மானம் இயற்றின. அவ்விதித்தொகுப்பு பின்னர்த் திருத்தி எழுதப்பட்டது.

அவையின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. கூடி முடிவெடுத்தபின் ஒவ்வொருவரும் தெருவில் நின்று முடிவைத் தூற்றினால் எந்தச் செயலவையும் இயங்காது. ஆனால் ஒற்றுமை என்பது மாற்றுக்கருத்தை அவைக்குள் கேட்டு, அதற்கு விடை கூறுவதால் வருவது. வாயை அடைப்பதால் வருவதன்று. 1918இல் அமெச்சூர்களைக் காத்தவை உறுப்பினர் எழுதிய மடல்கள். ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் கழகத்தைத் திருத்தியவையும் உறுப்பினர் எழுதிய மடல்களே.

கழகத்தைப் பற்றிய மற்றொரு கவலை, போட்டியே இல்லாத தேர்தல். ஒரு மண்டலத்தில் தகுதியுள்ள வேட்பாளர் ஒருவர் மட்டுமே நின்றால், வாக்கெடுப்பின்றி அவரே தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்படுவார். இவ்வாறு முடிந்த தேர்தல்கள் பல. 2010களில் கழகத்தில் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் உறுப்பினராக இருந்தனர். நாட்டில் உரிமம் பெற்ற அமெச்சூர்களோ ஏழு இலட்சத்திற்கும் மேல். கழகத்திற்கு வெளியே நிற்போர் பெரும்பான்மையினர். உள்ளே இருப்போரிலும் வாக்குச் சீட்டைப் பிரிக்காமலே மேசையில் போட்டுவிடுவோர் உண்டு. கொதித்தெழுந்து விலகியவரை விட, சீட்டைப் பிரிக்காதவரே ஒரு சங்கத்திற்குப் பெரிய கேடு. விலகியவரை அழைத்து வரலாம். உறங்குபவர் இருப்பது போலவே தோன்றுவதால் அவரை எவரும் அழைப்பதில்லை.

நாம் பெறும் பாடம்

இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? தலைவரைத் தேர்ந்தெடுத்தல் ஒரு நாள் நிகழ்ச்சி அன்று. அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டிய கடமைகள் உள்ளன. தேர்தலுக்கு முன், தகுதி இன்னது, தடை இன்னது என விதியை வகுத்து வைத்தல் வேண்டும். ஆள் வந்தபின் விதி எழுதினால் அது அவருக்காக எழுதியதாகிவிடும். தேர்தலின்போது, அறிந்தவரை ஆராய்ந்து வாக்களித்தல் வேண்டும். தேர்தலுக்குப் பின், தேர்ந்தெடுத்தவர் செய்வதைக் கவனித்து, நன்மையைப் பாராட்டி, தவற்றை நேரே எடுத்துரைத்தல் வேண்டும். தலைவரும், தமக்குக் கிடைத்த வாக்கு கடந்த நாளின் நம்பிக்கை என்பதையும், நாளைய நம்பிக்கையை நாளும் ஈட்ட வேண்டும் என்பதையும் உணர்தல் வேண்டும்.

நம் பள்ளிகளில் மாணவர் மன்றத் தேர்தல் நடக்கும்போது, ஆசிரியர் தாமே ஒரு பெயரைச் சொல்லி, ‘எல்லாருக்கும் சம்மதந்தானே?’ என்று கேட்டு முடித்துவிடும் வழக்கம் உண்டு. நேரம் மிச்சமாகிறது என்பது உண்மையே. ஆனால் அன்று அம்மாணவர் ஒரு பாடத்தை இழக்கின்றனர். அடுத்த முறை, தகுதிகளை அவர்களே பேசி எழுதட்டும், இருவர் போட்டியிடட்டும், சீட்டில் பெயரெழுதி மடித்துப் போடட்டும், தோற்றவர் வென்றவர்க்குக் கைகொடுக்கட்டும். ஆண்டின் நடுவில், ‘நீங்கள் சொன்னதைச் செய்தீர்களா?’ என்று கேட்கும் உரிமையும் அவர்களுக்கு இருக்கட்டும். அன்று கேட்கப் பழகியவர், நாளை நம் சங்கங்களின் பொதுக்கூட்டத்தில் தேநீருக்காகக் காத்திருக்க மாட்டார்.

அஞ்சலோட்டத்தில் விரைந்து ஓடுதல் மட்டும் வெற்றி தராது; கோலைக் கீழே விழாமல் கைமாற்றத் தெரிய வேண்டும். வாங்கும் கை உறுதியாக இருக்க வேண்டும். கொடுக்கும் கை விடத் தெரிந்திருக்க வேண்டும். ஹார்ட்போர்டில் ஓர் இரவு எட்டாமற்போன செய்தி, மூன்றாம் மனிதர் ஒருவர் கைகொடுத்ததால் சென்று சேர்ந்தது. அன்று தொடங்கிய கழகம் நூறாண்டு கடந்ததும், ஒவ்வொரு முறையும் அக்கோலை வாங்க மற்றொரு கை இருந்ததனால்தான்.